அப்ஸ்காண்டிங் லெட்டரும் விங் கமாண்டரும்

1. கதவைக் கழற்றச் சொன்னவர்

விங் கமாண்டர் ஞானராஜ் எங்கள் கம்பெனியில் சேர்ந்த அன்று காலையிலேயே மெயின்டனன்ஸ் ஃபிட்டரைக் கூப்பிட்டு, தன் கேபின் கதவைக் கழற்றச் சொன்னார்.

“சார், ஏ.சி. எல்லாம் வெளிய போயிடும்” என்றார் ஃபிட்டர்.

“ஏ.சி.யையும் ஆஃப் பண்ணிடுப்பா. எனக்குக் கதவு வேணாம், அவ்வளவுதான்.”

மத்தியானத்துக்குள் கேன்டீன் முழுக்க அதுதான் பேச்சு. புது செக்யூரிட்டி சீஃப் பட்டாளத்துக்காரர், கொஞ்சம் கிறுக்கு போல என்றார்கள். எழுபத்தொன்று யுத்தத்தில் அவர் ஃபைட்டர் விமானம் ஓட்டியதும், சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறையில் இருந்ததும், அங்கிருந்து தப்பித்ததும் பயோடேட்டாவில் ஒரு வரியாக இருந்தது. அந்த வரியைப் படித்தவன் நான் ஒருவன்தான். ஏனென்றால் அது என் மேஜைக்கு வந்தது.

நான் அப்போது பர்சனல் ஆபீசர். பெயர் மாணிக்கம். பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. சூளகிரி போகும் ஹைவேயை ஒட்டி எங்கள் ஆலை. வண்டிகளுக்கு வயரிங் ஹார்னஸ் செய்வோம். விளக்குக்கும் ஹாரனுக்கும் மீட்டருக்கும் போகிற வயர்களை அளவாக வெட்டி, முனையில் டெர்மினல் வைத்து நசுக்கி இறுக்கி, பலகையில் விரித்துக் கட்டுகிற வேலை. மெல்லிய விரல் வேண்டும் என்று சொல்லி, ப்ளஸ் டூ முடித்த பெண்களைத்தான் பெரும்பாலும் எடுத்தோம். ட்ரெயினி என்று பெயர். இரண்டு வருட பாண்டு. ஆலைக்குப் பின்னாலேயே ஹாஸ்டல். சேரும்போது ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி. இரண்டையும் வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். பாதியில் விட்டுவிட்டுப் போகாமல் இருக்க இது ஒரு ஏற்பாடு. சரியா தப்பா என்று நான் யோசித்ததில்லை. நான் சேர்வதற்கு முன்பே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஞானராஜ் மத்திகிரியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்தார். அவரும் மனைவியும் மட்டும். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம் என்றாலும் முப்பது வருடம் வடக்கே இருந்ததில் தமிழ் கொஞ்சம் மாறியிருந்தது. வயது அறுபதை நெருங்கியிருந்தது. முதுகு நேராக நிற்கும். ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு நிமிடம் பிடிக்கும். காலையில் கம்பெனி ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொள்வார். மழை அடித்தாலும் ஜன்னல் கண்ணாடியை ஏற்ற விடமாட்டார்.

குடியரசு தினத்துக்கு ஜி.எம். அவரை மைக்கில் பேசச் சொன்னார். போர்க்கதை கேட்கலாம் என்று எல்லோரும் காத்திருந்தோம். “பைக்ல வர்றவங்க ஹெல்மெட் போடுங்க. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவங்க ஹாரன் அடிங்க. நன்றி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

2. ஞாயிற்றுக்கிழமை மதியம்

அவர் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹாஸ்டல் பெண்கள் எல்லோரும் டி.வி.யில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, மஞ்சுளா என்ற ட்ரெயினி பின்பக்கச் சுவரில் ஏறிக் குதித்துப் போய்விட்டாள். நாட்றாம்பாளையத்துப் பெண். வேலையில் சேர்ந்து பத்து மாதம். சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. அங்கே ரத்தம் காய்ந்திருந்ததை வார்டன் அம்மா திங்கட்கிழமை எனக்குக் காட்டினார்.

ஜி.எம். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. டெஸ்பாட்ச் ஒரு நாள் தவறினால் பெங்களூர் ஹெட் ஆபீஸிலிருந்து அவருக்கு விழும் திட்டை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

“மாணிக்கம், இன்னிக்கு ஒருத்தி போனா, நாளைக்குப் பத்துப் பேர் போவாங்க. நீங்களும் கமாண்டரும் நேர்லயே போயிட்டு வாங்க. அவ சர்டிபிகேட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க. குடுத்துடாதீங்க, சும்மா காட்டுங்க. தானா வந்து வண்டியில ஏறுவா.” பிறகு ஞானராஜைப் பார்த்து, “சார், ஹாஸ்டல் இனிமே உங்க கன்ட்ரோல். ஷிப்ட் இல்லாத நேரத்துல வெளிப்பக்கம் ஒரு பூட்டுப் போட்டுருங்க. வார்டனோட போற சண்டே அவுட்டிங்கும் எல்லாருக்கும் கட்” என்றார்.

“முதல்ல அந்தப் பொண்ணைப் பாத்துட்டு வந்துடறேன்” என்று மட்டும் சொன்னார் ஞானராஜ்.

புதன்கிழமை காலை கிளம்பினோம்.

3. அஞ்செட்டி ரோடு

தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிக் காட்டுக்குள் ரோடு இறங்கும்போது, நான் மடியில் ஃபைலை வைத்து லெட்டர் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் நின்றுவிடுகிறவர்களுக்கு அனுப்பும் அப்ஸ்காண்டிங் லெட்டர். பெயரும் தேதியும் மட்டும் மாறும்.

“என்ன எழுதறீங்க? படிங்க பார்ப்போம்” என்றார்.

“தாங்கள் கடந்த ஞாயிறு முதல் எவ்வித முன்னறிவிப்புமின்றித் தலைமறைவாகியுள்ளீர்கள். இக்கடிதம் கண்ட மூன்று தினங்களுக்குள்…”

அவர் சிரித்தார். ஜீப் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஒரு வருடத்தில் அவர் சத்தம் போட்டுச் சிரித்து நாங்கள் கேட்டதில்லை.

“எனக்கும் இப்படி ஒரு லெட்டர் டைப் பண்ணியிருப்பாங்க மாணிக்கம். உருதுல.”

அவராகவே சொன்னார்.

“யுத்தம் ஆரம்பிச்ச நாலாவது நாள். ஒரு ரயில்வே யார்டை அடிக்கப் போனோம். முதல் ரன் சரியா விழுந்துச்சு. ரெண்டாவது ரன் போயிருக்கக் கூடாது. போனேன். கீழேர்ந்து சுட்டாங்க. காக்பிட் பூரா புகை. ஹாண்டிலை இழுத்தேன். அந்த சீட்டு ஆளை வெளிய தூக்கி எறியுமே, அந்த அடியில முதுகுல மூணு எலும்பு நசுங்கிப்போச்சு. அப்போ தெரியல. பாரசூட்ல இறங்கறப்ப கீழ கடுகு வயல், மஞ்சளா பூத்திருக்கு. நல்லா இருக்கேன்னுகூட நினைச்சேன்.”

இறங்கிய இடத்தில் ஊர்க்காரர்கள் தடிகளோடு ஓடி வந்தார்களாம். அடி விழத் தொடங்கியபோது ஒரு போலீஸ்காரர் குறுக்கே வந்து நின்று, உயிரோடு இருந்தால்தான் இவனுக்கு மதிப்பு என்று கத்தினாராம். “அந்த ஆள் பேர்கூடத் தெரியாது. அவர் இல்லன்னா நான் இந்த ஜீப்புல இல்ல” என்றார்.

முதலில் தனிச் செல்லில் போட்டார்கள். ஆறடிக்கு எட்டடி. இரவு பகல் எரியும் ஒரு பல்பு.

“கேள்வி கேட்டாங்க. அதை விடுங்க. அடியெல்லாம் மறந்துடும். அந்தக் கதவுதான் மறக்கல. உள்பக்கம் கைப்பிடியே கிடையாது. வழவழன்னு ஒரு தகரம். யாராவது வெளியேர்ந்து நினைச்சாத்தான் அது கதவு. இல்லன்னா அதுவும் சுவருதான். ஐம்பத்தாறு நாள் அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

அவர் கேபின் கதவைக் கழற்றியதன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேன்டீனில் மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருந்தேன்.

பிறகு கைதிகள் முகாமுக்கு மாற்றினார்கள். அங்கே குளிப்பதற்குத் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. பின்பக்கத் தகரத்தை அடித்திருந்த சட்டம் மக்கிப்போயிருந்தது. ஒரு மழை நாளில் காவலாளி வராந்தாவில் ஒதுங்கி நின்றபோது, தகரத்தை நெம்பி வெளியே வந்துவிட்டார். ஒரு கம்பளியைத் திருடிப் போர்த்திக்கொண்டு, வாய்க்கால் கரையோடு கிழக்கே நடந்தார். பச்சை முள்ளங்கியைப் பிடுங்கித் தின்றார். முதுகு வலியில் ஐந்து நிமிடம் நடந்தால் ஐந்து நிமிடம் படுக்க வேண்டியிருந்தது.

“நாலாவது நாள் ஒரு டீக்கடை. குளிர் தாங்கல. போய் உக்காந்துட்டேன். கடைக்காரர் எந்த ஊருன்னு கேட்டார். மேப்ல பாத்த ஒரு கிராமத்துப் பேரைச் சொன்னேன். அது அவர் மாமியார் ஊரு.”

டிரைவர் சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார்.

“பார்டர் பதினோரு மைல் இருந்துச்சு. திரும்பக் கொண்டுபோயிட்டாங்க. அப்புறம் ரெண்டு நாட்டுக்கும் பேச்சு முடிஞ்சு எல்லாரையும் அனுப்பினப்ப நானும் வந்தேன். முதுகு போனதால திரும்ப விமானத்துல ஏத்தல. மேஜை, ஃபைல், ப்ரமோஷன், பென்ஷன். இப்ப வயரிங் ஹார்னஸ்.”

கதை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

4. மாதையன் வீட்டில்

நாட்றாம்பாளையத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, கேழ்வரகுக் கொல்லை ஓரமாக அரை மைல் ஏறினோம். ஞானராஜ் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். மஞ்சுளாவின் அப்பா மாதையன் எங்களைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

“ஊட்டுக்குள்ள வாங்க சார். தப்பு எங்க மேலதானுங்க. பாண்டுல கைநாட்டு வெச்சது நானுங்க. புள்ள இப்பிடிப் பண்ணும்னு தெரியாதுங்க.”

மஞ்சுளா கதவோரம் நின்றாள். வலது உள்ளங்கையில் கட்டு. ஞானராஜ் அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தார்.

“எத்தனை தையல்?”

“ஏழு சார். அஞ்செட்டி ஆஸ்பத்திரியில போட்டாங்க.”

“ஏம்மா சொல்லாமப் போன?” என்று நான் ஆபீஸ் குரலில் கேட்டேன்.

“சொன்னேனே சார். கிருஷ்ணகிரியில நர்சிங்ல இடம் கிடைச்சிருக்குது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். நேர்ல போய்க் கேட்டுப் பாக்கலாம்னுதான் வந்தேன், ஒரிஜினல் இல்லாம சேத்துக்க மாட்டேன்றாங்க. மூணு தடவ லெட்டர் எழுதினேன் சார். ரெண்டு உங்க டேபிள் மேல வெச்சேன். உங்க கையிலயே ஒண்ணு குடுத்தேன்.”

அந்த மூன்று கடிதங்களும் என் கையிலிருந்த ஃபைலிலேயே இருந்தன. துளை போட்டு, தேதி வரிசையில் கோத்திருந்தேன். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. ட்ரெயினிகள் எழுதுவதெல்லாம் லீவு லெட்டராகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

ஃபைலுக்கு அடியில் ஒரு கவரில் அவளுடைய மார்க் ஷீட்டும் டி.சி.யும் இருந்தன. அதைக் காட்டி அவளை வண்டியில் ஏற்ற வேண்டும். நான் ஞானராஜைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்வார், சொன்னால் அவர் மேல் பழியைப் போட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம் என்பதுதான் உண்மையில் என் எண்ணம்.

“என்னைப் பாக்காதீங்க மாணிக்கம். நான் செக்யூரிட்டி. பர்சனல் ஃபைல் உங்க டிபார்ட்மென்ட்.”

மாதையன் சம்சாரம் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன். என் இரண்டு மகள்களும் மத்திகிரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் அந்த வருடம் ப்ளஸ் டூ. வேலை போனால் ஓசூரில் இன்னொரு இடம் கிடைக்குமா என்று நினைத்தேன். பிறகு அந்த மூன்று கடிதங்களை நினைத்தேன். கவரை எடுத்து அந்தப் பெண்ணின் இடது கையில் கொடுத்தேன்.

“எல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துட்டு, பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போடும்மா.”

அவள் இடது கையால் கோணல் மாணலாக எழுதினாள். மாதையன் அழுதார். எனக்குப் பெருமையாக இல்லை, சோர்வாகத்தான் இருந்தது. அவளுடைய பொருளை அவளிடம் கொடுப்பதற்கு நாற்பது மைலும் ஏழு தையலும் ஆகியிருந்தது.

கிளம்பும்போது மஞ்சுளா பின்னாலேயே ஓடி வந்தாள்.

“சார், செல்வி தோள்மேல ஏறித்தான் நான் குதிச்சேன். அவள ஒண்ணும் பண்ணலையே சார்?”

செல்வி அவளோடு ஒரே ரூமில் இருந்த பெண். திங்களும் செவ்வாயும் அவளை வார்டன் ரூம் வாசலில் ஷிப்ட் முடிந்த பிறகு நிற்க வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

“ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

ஞானராஜ் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னது பொய் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

5. கொட்டகையில் இரண்டு பேர்

ஜீப்பில் ஏறியதும், செல்வியை இரண்டு நாள் நிற்க வைத்ததை அவரிடம் சொன்னேன். காட்டைத் தாண்டியதும் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்கி முதுகை நிமிர்த்தினார்.

“காலையில பாதிதான் சொன்னேன். எல்லாருக்கும் அந்தப் பாதியத்தான் முப்பது வருஷமா சொல்றேன். குளிக்கற கொட்டகைக்கு ரெண்டு ரெண்டு பேராத்தான் விடுவாங்க. என்கூட வந்தவன் பல்பீர். ஆர்மி கேப்டன். கால்ல குண்டடி பட்டு ஊன்றுகோல்ல நடப்பான். அவனால வர முடியாது. நான் தகரத்தை நெம்பறப்ப அவன் சத்தமாப் பாட ஆரம்பிச்சான். ரெண்டு வாளியிலேர்ந்தும் மாத்தி மாத்தித் தண்ணி மொண்டு ஊத்தினான். வெளிய நிக்கறவனுக்கு ரெண்டு பேர் குளிக்கற மாதிரி கேக்கணுமே. இருபது நிமிஷம் ஊத்தியிருக்கான். மழையில, அந்தக் குளிர்ல.”

“அப்புறம் சார்?”

“என்னைத் திரும்பப் பிடிச்சுட்டு வந்தப்ப அவன் அந்த ரூம்ல இல்ல. ஊன்றுகோலைப் பிடுங்கிட்டாங்க. புண்ணுக்கு மருந்து கட்டறதை நிறுத்திட்டாங்க. ஒரு மாசம். நாங்க ஊருக்குத் திரும்பற அன்னிக்குத்தான் பாத்தேன். ஸ்ட்ரெச்சர்ல கொண்டுவந்தாங்க. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. ‘எவ்வளவு தூரம் போனே?’ன்னு கேட்டான். பதினோரு மைல் மிச்சம்னு சொன்னேன். ‘பரவால்ல’ன்னான். அவ்வளவுதான் பேசினோம். ஊர்ல எனக்கு மாலை போட்டாங்க. ஸ்கூல் ஸ்கூலாக் கூப்பிட்டுத் தப்பிச்ச கதைய சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். அவனுக்கு ஒரு லெட்டர் போடல. ஒரு தடவ அவன் ஊர் ஸ்டேஷன்ல இறங்கிட்டு, அடுத்த ரயில்ல ஏறிட்டேன்.”

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணுக்குப் பதினெட்டு வயசு. போறதுக்கு முன்னாடி, செல்வி எப்படி இருக்கான்னு கேக்கத் தெரிஞ்சிருக்கு.”

6. இன்வர்டு நம்பர்

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்பெனி வந்ததும் நேராக ஹாஸ்டலுக்குத்தான் போனார். வெளிப்பக்கம் புதுப் பூட்டுத் தொங்கியது. நாங்கள் கிளம்பிப் போன பிறகு ஜி.எம். போட வைத்திருக்கிறார். உள்ளே ஜெனரல் ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள்.

வார்டன் அம்மா, “ஜி.எம். சார் சொல்லாம நான் சாவி தர முடியாதுங்க சார்” என்றார்.

“சரிம்மா. நீங்க கேட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன்.”

வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். ஜி.எம். பெங்களூர் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. ஜன்னல் கம்பி வழியாகப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணிக்கு மேல் ஆனது. முதுகு வலியில் அவருக்கு நெற்றி வியர்த்தது. கடைசியில் வார்டன் அம்மாவே தாங்காமல் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கதவைத் திறந்து, “செல்வி யாரும்மா?” என்றார்.

ஒல்லியாக ஒரு பெண் பயந்துகொண்டே வந்தாள்.

“மஞ்சுளா ஊர் போய்ச் சேந்துட்டா. சர்டிபிகேட் கிடைச்சிடுச்சு. உன்னைத்தான் கேட்டா.”

“அவ கை சார்?”

“ஏழு தையல். ஆறிடும். உன்னை ரெண்டு நாள் நிக்க வெச்சது எனக்குத் தெரியாமப் போச்சு. அது என் தப்பும்மா.”

அந்தப் பெண் திரும்பி உள்ளே ஓடி, மற்றவர்களிடம் மஞ்சுளாவைப் பற்றிச் சொன்னாள்.

மறுநாள் காலை அவர் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். ஆட்கள் உள்ளே இருக்கும்போது கதவை வெளியே பூட்டுவது தீ விபத்தில் உயிரிழப்புக்குக் காரணமாகும். ஃபயர் சேஃப்டிக்குப் பொறுப்பானவன் என்ற முறையில் இதை அனுமதிக்க மறுக்கிறேன். மீறிப் பூட்டினால் பொறுப்பு உத்தரவிட்டவருடையது. அவ்வளவுதான், அரைப் பக்கம். வெறும் தாளாக ஜி.எம். மேஜைக்குப் போனால் குப்பைக்கூடைக்குப் போய்விடும். இன்வர்டு ரிஜிஸ்டரில் ஏற்றி, முத்திரை குத்தி, நம்பர் போட்டால் அது ஆபீஸ் ரெக்கார்டு. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தால் பார்ப்பார். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கேட்கவில்லை. நான் முத்திரையை எடுத்துக் குத்தினேன்.

ஜி.எம். மத்தியானம் கூப்பிட்டார்.

“யாருங்க இதுக்கு நம்பர் போட்டது?”

“நான்தான் சார்.”

“ஏன்?”

“வர்ற தபாலுக்கு நம்பர் போடறது வழக்கம்தானே சார்.”

அவர் முத்திரையையும் நம்பரையும் பார்த்தார். பிறகு அந்தத் தாளை ட்ரேயில் வைத்துவிட்டு, “போங்க” என்றார். சர்டிபிகேட்டைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

பூட்டு மறுபடி ஏறவில்லை. மூன்று வாரத்தில் சண்டே அவுட்டிங்கும் திரும்பி வந்தது. சுவர்மேல் கண்ணாடிச் சில்லு அப்படியே இருந்தது. பாண்டும் இருந்தது. ஞானராஜின் கான்ட்ராக்ட் இரண்டு மாதத்தில் முடிந்தபோது ரினியூ செய்யவில்லை. அவருக்கான ரிலீவிங் லெட்டரையும் நான்தான் டைப் செய்தேன். அவர் கேபினுக்கு அடுத்து வந்தவர், முதல் வேலையாகக் கதவை மாட்டிக்கொண்டார்.

மஞ்சுளா நர்சிங்கில் சேர்ந்துவிட்டதாக மாதையன் யாரையோ விட்டு ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போட்டார். அப்புறம் தகவல் இல்லை.

ஞானராஜ் இன்னும் ஒரு வருடம் மத்திகிரியில் இருந்தார். மாலையில் கால்நடைப் பண்ணை ரோட்டில் இரண்டு பேரும் நடப்போம். ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். பல்பீருக்கு ஒருவழியாக எழுதியிருந்தார். பதில் மகனிடமிருந்து வந்திருந்தது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. உங்களைப் பற்றி வீட்டில் அடிக்கடி பேசுவார். காலைப் பற்றிச் சொன்னதில்லை. இரண்டு வாளித் தண்ணீரை வைத்துக் காவலாளியை ஏமாற்றியதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் என்று எழுதியிருந்தது.

“அவன் கோவமா இருப்பான்னு நினைச்சே முப்பது வருஷம் போயிடுச்சு மாணிக்கம்” என்றார். அதற்குமேல் அவரால் நடக்க முடியவில்லை. ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அடுத்த மே மாதம் மனைவியோடு நாகர்கோவில் போய்விட்டார்.

நான் அதே கம்பெனியில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். இப்போது எச்.ஆர். என்று பெயர் மாறிவிட்ட இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்கள் மேஜைக்கு வருகிற கடிதத்தைப் படித்துவிட்டு ஃபைலில் போடுங்கள்.

நாட்றாம்பாளையம் போய் வந்த அடுத்த மாதத்திலிருந்து, புதிதாகச் சேரும் பெண்களிடம் ஒரிஜினலை வாங்கி, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தேன். பீரோவில் ஏற்கெனவே இருந்தவற்றையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஜி.எம். கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். மூன்று ஜி.எம்.கள் வந்து போனார்கள். ஒருவரும் கேட்கவில்லை.